லினக்ஸ் ஹோம் தியேட்டர் பிசி: கோப்பில் இருப்பதை அப்படியே டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்புவது எப்படி?

லினக்ஸ் பெட்டியில் படம் வரவைக்க அரை மணி நேரம் போதும். ஒலியைச் சரியாக வரவைப்பதில்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். கோப்பிலிருந்து ஸ்பீக்கர் வரை போகும் வழியில் பிளேயர், சவுண்ட் டிரைவர், எச்டிஎம்ஐ, டிவி, சவுண்ட்பார் என்று ஐந்து கை மாறுகிறது. நடுவில் ஒருவர் வாலாட்டினாலும் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமான 5.1 ஒலி இரண்டு சேனலாகச் சுருங்கிவிடும், விநாடிக்கு 24 ஃபிரேம் உள்ள படம், விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் தடுக்கித் தடுக்கி ஓடும். கீழே சொல்லும் செட்டிங் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: கோப்பில் உள்ள ஃபிரேம் வேகத்தையும் ஒலியையும் வழியில் யாரும் தொடக்கூடாது.

உபுண்டு என்ற வழக்கமான லினக்ஸைப் போட்டு அதன்மேல் கோடி (Kodi) என்ற மீடியா பிளேயரை நிறுவலாம். ஆனால் அங்கே டெஸ்க்டாப்பும், ஒலியைக் கையாளும் பைப்வயர் மென்பொருளும் நடுவில் வந்து உட்காரும். திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கும் என்ற ரெஃப்ரெஷ் ரேட்டை ஒன்று பிடித்து வைத்துக்கொள்ளும், ஒலிச் சாதனத்தை மற்றொன்று பிடித்து வைத்துக்கொள்ளும். டிவிக்கு மட்டுமே இருக்கப்போகிற பெட்டி என்றால் கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லிப்ரெஎலெக் என்ற சின்ன லினக்ஸைப் போடுவதே மேல். டெஸ்க்டாப் கிடையாது, லினக்ஸின் மையமான கெர்னலுக்கு மேலே நேராகக் கோடிதான். இங்கே சொல்வது லிப்ரெஎலெக் 12, அதனுடன் வரும் கோடி 21 ஆகியவற்றை வைத்து.

எந்தப் பெட்டி?

வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்வது சிபியு அல்ல, அதற்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி. அதனால் 'ஐ5', 'ஐ7' என்ற பெயரைப் பார்க்காதீர்கள், தலைமுறையைப் பாருங்கள். எச்.264, எச்இவிசி, விபி9, ஏவி1 எல்லாம் வீடியோவைச் சுருக்கும் வடிவங்கள். இன்டெல் 4ஆம் தலைமுறை எச்.264 வரைதான் தாங்கும். 6ஆம் தலைமுறை எச்இவிசி 8 பிட் வரை தாங்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் 4கே எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் எச்இவிசி 10 பிட். அதற்கு 7ஆம் தலைமுறை வேண்டும். ஏவி1 வேண்டுமென்றால் 11ஆம் தலைமுறையிலிருந்துதான். அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் பழைய ஐ7-ஐ விட, 6 வாட்டில் ஓடும் இன்டெல் என்100 மினி பிசி இந்த வேலைக்குப் பல மடங்கு மேல். எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 மூன்றையும் அது ஹார்டுவேரிலேயே பிரித்துவிடும். 4 ஜிபி ரேமும் 32 ஜிபி எஸ்எஸ்டியும் தாராளம்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 7ஆம் தலைமுறை இன்டெல்லில் எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே உள்ளமைந்தது. 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான். போர்டு தயாரித்தவர் தனி மாற்றிச் சிப் வைத்திருந்தால்தான் எச்டிஎம்ஐ 2.0 கிடைக்கும். எச்டிஆரும் அதைப் பொறுத்ததே. என்விடியா கார்டு இருந்தால் 'ஜெனரிக் லெகசி' என்ற தனிப் பதிப்பை இறக்க வேண்டும், அதில் எச்டிஆர் வராது. இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் வெறும் 'ஜெனரிக்' போதும்.

வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை இன்னும் இரண்டு. எச்டிஆரின் ஒரு வகையான டால்பி விஷன் இந்தப் பெட்டியில் வராது. அதன் ப்ரொஃபைல் 8 வகைக் கோப்புகள் பலவற்றுக்குள் பொதுவான எச்டிஆர்10 அடுக்கு இருப்பதால் அவை எச்டிஆர்10 ஆக ஓடிவிடும். ப்ரொஃபைல் 5 கோப்புகளில் அந்த அடுக்கே இல்லை. முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகத் தெரியும். பெட்டியில் கோளாறு என்று தேட வேண்டாம். இரண்டாவது, கட்டண ஓடிடி தளங்களின் 4கே. உள்ளடக்கப் பூட்டின் உயர்மட்ட அனுமதி லினக்ஸ் பிசிக்குக் கிடையாது. அவற்றை டிவியிலேயே பாருங்கள்.

டிவியைத் தயார் செய்தல்

பிசியைச் செருகுவதற்கு முன் டிவி மெனுவுக்குப் போங்கள். வாங்கிய நாளில் பல டிவிக்களின் எச்டிஎம்ஐ போர்ட் குறைந்த வேகத்தில்தான் இருக்கும். எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்று பெயர் மாறும்; நீங்கள் செருகப்போகும் அந்தப் போர்ட்டுக்கு அதை இயக்குங்கள். அதைச் செய்யாமல் எச்டிஆர் தேடுவது தண்ணீர் இல்லாத கிணற்றில் வாளி விடுவது. படத்தின் ஓரம் வெட்டுப்படாமல் இருக்கப் பட அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று வையுங்கள். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். படம் சீரியல் மாதிரி வழுக்குவதற்கும், உதட்டசைவுக்கு ஒலி முந்துவதற்கும் பாதிக் காரணம் அதுதான்.

நிறுவுதல்

லிப்ரெஎலெக் தளத்திலேயே கிடைக்கும் யுஎஸ்பி கிரியேட்டரை வைத்து 4 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் எழுதுங்கள். மினி பிசியின் பயாஸில் (பிசி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) இரண்டு மாற்றம்: செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும், மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் 'பவர் ஆன்' வைக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் டிவிக்குப் பின்னால் கைவிட்டுப் பொத்தானைத் தேட வேண்டியிருக்கும்.

பென் டிரைவில் பூட் ஆகும்போது நிறுவாமலே ஓட்டிப் பார்க்க 'லைவ்' என்ற வழி உண்டு. முதலில் அதில் போய்ப் படமும் ஒலியும் வருகிறதா என்று பாருங்கள். நிறுவும் நிரல் வட்டை முழுக்கத் துடைத்துவிடும். வட்டில் வேறு ஏதாவது இருந்தால் முன்பே நகல் எடுங்கள். பிறகு முதல் திரையில் பெட்டிக்குப் பெயர், நெட்வொர்க், எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி), சம்பா (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் வழி) ஆகியவற்றைக் கேட்கும். எஸ்எஸ்எச்சை இயக்கினால் கடவுச்சொல்லை அங்கேயே மாற்றிவிடுங்கள்.

படம்

கோடியின் செட்டிங்ஸ் திரையில் இடது கீழ் மூலையில் ஒரு பல்சக்கரம் இருக்கும். அதை அழுத்தி அழுத்தி 'எக்ஸ்பர்ட்' என்று வரும்வரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் இங்கே சொல்லும் பாதி அமைப்புகள் கண்ணிலேயே படாது.

'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே' பகுதியில் கோடியின் முகப்பை 1920×1080, 60 ஹெர்ட்ஸில் வையுங்கள். முகப்பையும் 4கேயில் வைக்க ஆசை வரும். வைத்தால் பட்டியலை நகர்த்தும்போதே சின்னப் பெட்டி மூச்சு வாங்கும், பலன் ஒன்றுமில்லை. அதே பக்கத்தில், கோடி மாறிக்கொள்ளலாம் என்று நீங்கள் அனுமதிக்கும் திரை அளவு, ரேட்களின் பட்டியலான 'வைட்லிஸ்ட்' இருக்கிறது. 1080, 2160 இரண்டிலும் 23.976, 24, 25, 29.97, 30, 50, 59.94, 60 ஆகியவற்றில் டிவி தருவதையெல்லாம் டிக் செய்யுங்கள். பட்டியலைக் காலியாக விட்டால் கோடி ரெஃப்ரெஷ் ரேட்டை மட்டும் மாற்றி, அளவை மாற்றாமல் விடக்கூடும். அப்போது 4கே படம் 1080க்குச் சுருங்கித்தான் டிவிக்குப் போகும். 4கே பெட்டி வாங்கியும் தெளிவு இல்லை என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் காலிப் பட்டியல்தான் இருக்கும்.

அடுத்து 'பிளேயர்', 'வீடியோஸ்'. 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதில் 'ஆன் ஸ்டார்ட், ஸ்டாப்' தேர்ந்தெடுங்கள். 24 ஃபிரேமை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையுமாகக் காட்டப்படும். கேமரா மெதுவாக நகரும் காட்சியிலும், கடைசியில் பெயர்கள் மேலேறும்போதும் அந்த நடுக்கம் பளிச்சென்று தெரியும். 23.976க்கும் 24க்கும் வித்தியாசம் அற்பம் என்று தோன்றும். அந்த அற்ப வித்தியாசத்தால் சுமார் 42 விநாடிக்கு ஒரு ஃபிரேம் இடறும். 25ஐயும் 50ஐயும் விடக்கூடாது. இந்தியாவில் தொலைக்காட்சி, விநாடிக்கு 25 ஃபிரேம் கொண்ட பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வந்தது. டிவி பதிவுகளும் பழைய டிவிடிக்கள் பலவும் 25 ஃபிரேம்தான்.

'சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே' என்பதை மட்டும் தொடாதீர்கள். பெயர் நல்லதாகத் தோன்றினாலும் அதை இயக்கினால் பாஸ்த்ரூ, அதாவது கோடி பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கோ சவுண்ட்பாருக்கோ அனுப்பும் ஒலி, நின்றுவிடும். படத்தோடு ஒத்துப்போக ஒலியை இழுத்துச் சுருக்க வேண்டியிருக்கிறது. பிரிக்காத ஒலியை எப்படி இழுப்பது?

எச்டிஆருக்கு அதே பக்கத்தில் 'டிஆர்எம் பிரைம்' டிகோடரையும் அதன் ஹார்டுவேர் முடுக்கத்தையும் இயக்கி, ரெண்டர் முறையை 'டைரக்ட் டு பிளேன்' என்று வையுங்கள். படம் தொடங்கியதும் டிவியின் மூலையில் எச்டிஆர் என்ற அறிவிப்பு வர வேண்டும்.

இனி ஒரு 4கே கோப்பை ஓடவிட்டு, விசைப்பலகையில் ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்துங்கள். திரையில் டிகோடரின் பெயர் வரும். அதன் பக்கத்தில் எச்டபிள்யு என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால் ஹார்டுவேர் வேலை செய்கிறது. எஸ்டபிள்யு என்றால் சிபியு சிரமப்பட்டுக்கொண்டிருக்கிறது. முடுக்க அமைப்பைத் திரும்பப் பாருங்கள், அல்லது உங்கள் சிப்புக்கு அந்த வடிவம் தெரியாது.

கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தாலோ, இருட்டுக் காட்சியில் தலைமுடியும் சட்டையும் ஒன்றாகக் கலந்து மைக்கறையானாலோ வண்ண வரம்பு பொருந்தவில்லை. பிசி 16 முதல் 235 வரை அனுப்பி டிவி 0 முதல் 255 எதிர்பார்த்தால் வெளிறும், தலைகீழானால் மைக்கறை. டிவியில் 'லிமிடெட்', கோடியின் டிஸ்ப்ளே பக்கத்திலும் 'லிமிடெட்' என்று இரண்டையும் ஒன்றாக்குங்கள். பிரைட்னஸைத் திருகிச் சரிசெய்யப் பார்ப்பது வீண்.

ஒலி

முதலில் கம்பி எப்படிப் போகிறது என்று பாருங்கள். செட்டிங் எல்லாம் அதைப் பொறுத்தது.

ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவரோ, எச்டிஎம்ஐ உள்வாங்கும் துளையுள்ள சவுண்ட்பாரோ இருந்தால் பிசியை அதில் செருகி, அங்கிருந்து டிவிக்குக் கம்பி விடுங்கள். இதைவிட நல்ல வழி இல்லை. கோடியில் 'சிஸ்டம்', 'ஆடியோ' போய் அவுட்புட் சாதனமாக உங்கள் ரிசீவரின் பெயர் கூடவே தெரியும் எச்டிஎம்ஐ வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மாதிரி மூன்று நான்கு எச்டிஎம்ஐ வரிகள் இருக்கும், பெயர் இல்லாதவை வெறும் துளைகள். சேனல் எண்ணிக்கையை உங்களிடம் உள்ள ஸ்பீக்கருக்கு ஏற்ப 5.1 அல்லது 7.1 என்று வையுங்கள். 'அலவ் பாஸ்த்ரூ' இயக்கி, பாஸ்த்ரூ சாதனத்துக்கும் அதே வரியைக் கொடுங்கள். ஏசி3 (டால்பி டிஜிட்டல்), இஏசி3, டிடிஎஸ், ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி என்று வரும் ஒலி வடிவங்களின் பட்டியலில் ரிசீவரின் கையேட்டில் உள்ளதை மட்டும் இயக்குங்கள். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸுக்குத் தனி ஸ்விட்ச் இல்லை. அது ட்ரூஎச்டிக்குள்ளோ இஏசி3க்குள்ளோ ஒளிந்துதான் வரும்.

பிசி டிவிக்கு, டிவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ கம்பியிலேயே ஒலியை டிவி திருப்பி அனுப்பும் வசதி) வழியாக சவுண்ட்பாருக்கு என்றால் கதை வேறு. சாதாரண ஏஆர்சியில் ட்ரூஎச்டியும் பல சேனல் பிசிஎம்மும் (சுருக்காத ஒலி) போகாது, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருந்தால்தான் போகும். ஆப்டிகல் கம்பியில் இரண்டு சேனல் பிசிஎம், அல்லது சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் மட்டுமே. இந்த இரண்டு வழிக்கும் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள். 5.1 வேண்டும் என்பவரிடம் 2.0 வை என்றால் கேலியாகத் தோன்றும். ஆனால் அப்போதுதான் 'ஏசி3 டிரான்ஸ்கோடிங்' வேலை செய்யும். ஏசி3 பாஸ்த்ரூவோடு அதையும் இயக்கினால் ஏஏசி 5.1, டிடிஎஸ் எல்லாவற்றையும் கோடி டால்பி டிஜிட்டல் 5.1 ஆக மாற்றி அனுப்பும். டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால் 'பாஸ்த்ரூ' அல்லது 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். பிசிஎம்மில் விட்டால் நீங்கள் செய்தது அத்தனையும் டிவியிலேயே இரண்டு சேனலாகிவிடும்.

இனி வழக்கமாக இடறும் இடங்கள்.

டால்பி படம் ஒலிக்கிறது, டிடிஎஸ் படம் மட்டும் ஊமை: டிவி டிடிஎஸ்ஸைக் கடத்தவில்லை. கோடியில் டிடிஎஸ் பாஸ்த்ரூவை அணையுங்கள், டிரான்ஸ்கோடிங் பார்த்துக்கொள்ளும். ஒலிக்குப் பதில் கர்ரென்று இரைச்சல் வந்தால், பிரிக்காத தரவை யாரோ சாதா ஒலி என்று நினைத்து ஸ்பீக்கரில் கொட்டுகிறார்கள். உடனே வால்யூமைக் குறைத்து, அந்த வடிவத்தின் பாஸ்த்ரூவை அணையுங்கள். நிறுத்தி மீண்டும் ஓடவிடும்போது முதல் வார்த்தை விழுங்கப்பட்டால் ரிசீவர் தூங்கி எழுகிறது என்று அர்த்தம். 'கீப் ஆடியோ டிவைஸ் அலைவ்' என்பதை 'ஆல்வேஸ்' ஆக்கினால் தீரும். படம் தொடங்கும்போதே முதல் சில விநாடி போகிறதென்றால் அது வேறு. டிஸ்ப்ளே பக்கத்தில் ரெஃப்ரெஷ் ரேட் மாறிய பின் காத்திருக்கும் நேரத்தை 2 அல்லது 3 விநாடி வையுங்கள்.

பாஸ்த்ரூவில் கோடியின் வால்யூம் பொத்தான் வேலை செய்யாது. அது கோளாறல்ல, ரிசீவரின் ரிமோட்டில்தான் கூட்ட வேண்டும்.

வெறும் டிவி ஸ்பீக்கர் என்றால் 2.0, பாஸ்த்ரூ அணை. அவ்வளவுதான். வசனம் சன்னமாகவும் சண்டைக்காட்சி காதைப் பிளப்பதாகவும் இருந்தால் 'மெயின்டெய்ன் ஒரிஜினல் வால்யூம் ஆன் டவுன்மிக்ஸ்' இயக்கிப் பாருங்கள்.

உபுண்டுவில்தான் செய்வேன் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒலி அறவே வரவில்லையென்றால் டெர்மினலில் ஆல்சாமிக்சர் (alsamixer) என்ற ஒலி நிரலைத் திறந்து எச்டிஎம்ஐக்கான கட்டங்களின் அடியைப் பாருங்கள். இரண்டு 'எம்' தெரிந்தால் வாய் மூடிக் கிடக்கிறது. எம் விசையைத் தட்டினால் இரண்டு 'ஓ' ஆக மாறித் திறக்கும்.

கடைசி இணைப்புகள்

பெரிய 4கே கோப்புகளுக்கு நெட்வொர்க் முக்கியம். 4கே புளூரேயின் உச்ச வேகம் 128 மெகாபிட் வரை போகும், 100 மெகாபிட் லேன் அங்கேயே திணறும். கிகாபிட் போர்ட், கிகாபிட் ரவுட்டர், நடுவில் கேட்5இ கம்பி. இல்லையென்றால் வட்டை பிசியிலேயே செருகிவிடுங்கள்.

டிவி ரிமோட்டால் கோடியை இயக்க எச்டிஎம்ஐ சிஇசி வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் அது உண்டு, பிசியின் எச்டிஎம்ஐயில் பெரும்பாலும் இல்லை. பல்ஸ்-எய்ட் நிறுவனத்தின் யுஎஸ்பி சிஇசி அடாப்டர் போடலாம், அல்லது ஃப்ளிர்க் யுஎஸ்பி ரிசீவர் வாங்கி வீட்டில் கிடக்கும் பழைய ரிமோட்டைப் பழக்கலாம்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பை கோடி கோப்புறைக்குள் மீடியா, அதற்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் போட்டு, 'பிளேயர்', 'சப்டைட்டில்ஸ்' பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். சப்டைட்டில் கோப்பு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

டிவி அணைந்திருக்கும்போது பிசி பூட் ஆனால் எதிரே இருக்கும் திரை என்ன என்று அதற்குத் தெரியாது. தவறான அளவில் வரும், ஒலிச் சாதனமும் காணாமல் போகும். டிவியை முதலில் போடுவது எளிய வழி. கரண்ட் போய் வந்து தானாக எழும் பெட்டிக்கு அது ஒத்துவராதென்றால், டிவி இயங்கும்போது எஸ்எஸ்எச்சில் நுழைந்து கெட்இடிஐடி கட்டளையை 'கிரியேட்' என்று சேர்த்து (getedid create) ஓட்டுங்கள். திரையின் விவரம் வட்டில் பதிந்துவிடும். டிவியையோ ரிசீவரையோ மாற்றினால் 'டிலீட்' என்று சேர்த்து அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

எல்லாம் ஓடும் அன்றே லிப்ரெஎலெக் அமைப்பில் 'பேக்கப்' எடுத்து, வெளிவரும் கோப்பை வேறு வட்டில் வையுங்கள். சிஸ்டம் பகுதி படிக்க மட்டுமேயான அமைப்பில் இருப்பதால் கரண்ட் கட் அதை எளிதில் கெடுக்காது. கெடுவதென்றால் உங்கள் செட்டிங்கும் படப் பட்டியலும் இருக்கும் பகுதிதான்.