ஆஸ்திரேலியாவில் குடும்பத்தோடு எங்கே குடியேறுவது: நகரம், பள்ளி எல்லை, வீடு

குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, சிட்னியா மெல்பர்னா என்பதுதான். அதற்கு முன் கையிலுள்ள விசாவின் எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. பலருக்கு அந்தக் கேள்வியில் பாதியை விசாவே தீர்த்துவைத்திருக்கும். தொழில்திறன் அடிப்படையிலான விசாக்களில் 189ஆம் பிரிவில் வருகிறவர் நாட்டின் எந்த மூலையிலும் குடியேறலாம். 190 ஒரு மாநிலத்தின் பரிந்துரையால் கிடைப்பது. விசாவுக்கான தகுதிக் கணக்கில் 5 புள்ளிகளைக் கூடுதலாகத் தரும் அந்த மாநிலம், நீங்கள் அங்கே வந்து வாழ்வீர்கள் என்று எதிர்பார்க்கிறது. 491 கூடுதலாக 15 புள்ளிகள் தந்தாலும், 'ரீஜனல்' என வரையறுக்கப்பட்ட பகுதியில்தான் வாழவும் வேலை பார்க்கவும் படிக்கவும் வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் செம்மண் வெளியையும் கங்காருவையும் நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரப் பகுதிகளைத் தவிர மற்றவையெல்லாம் இந்தக் கணக்கில் ரீஜனல்தான். பெர்த், அடிலெய்ட், கான்பெரா, ஹோபார்ட், கோல்ட் கோஸ்ட், நியூகாஸில், வொலங்காங், ஜீலாங் எல்லாம் அதில் அடக்கம். எல்லை அஞ்சல் குறியீட்டால் வகுக்கப்பட்டிருப்பதால், பெருநகரத்தின் ஓரத்தில் வீடு பார்ப்பவர்கள் அந்த நான்கு இலக்க எண்ணைக் குடிவரவுத் துறையின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

விசா இடம் கொடுத்தால் அடுத்தது வேலை. இங்கே ஒருவருடைய வேலையை மட்டும் கணக்கில் கொள்வதுதான் பலரும் செய்யும் பிழை. கணவன் மனைவி இருவர் சம்பளமும் இல்லாமல் பெருநகர வாடகையைச் சமாளிப்பது கடினம். ஆகவே இருவருக்கும் வேலை கிடைக்கக்கூடிய நகரம் எது என்று பார்க்க வேண்டும். வங்கி, நிதி, தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றில் சிட்னியும் மெல்பர்னும் முன்னே நிற்கின்றன. பெர்த்தில் சுரங்கத் துறை சார்ந்த வேலைகள் நல்ல சம்பளம் தரும் என்றாலும், அவற்றில் பல 'ஃபைஃபோ' முறையிலானவை. அதாவது விமானத்தில் சுரங்கப் பகுதிக்குப் போய், ஒன்றிரண்டு வாரங்கள் அங்கேயே தங்கி வேலை செய்து, பிறகு வீடு திரும்ப வேண்டும். சிறு குழந்தைகளோடு புதிய நாட்டில் தனியே இருக்கப்போகும் துணையிடம் அதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கான்பெரா அமைதியானது, பள்ளிகளும் நல்லவை. ஆனால் அங்குள்ள மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடியுரிமை பெற்றவர்களுக்கே உரியவை. அடிலெய்டின் பாதுகாப்புத் துறை வேலைகளும் அப்படியே. துணைவர் ஆசிரியராக இருந்தால், ஆசிரியர் பதிவு மாநிலந்தோறும் தனித்தனியானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, எந்த மாநிலம் என்பதை அதற்கு முன்னரே முடிவு செய்வது நல்லது.

வாடகை வாரக் கணக்கில் சொல்லப்படும். வாரம் 650 டாலர் என்பதை நான்கால் பெருக்கி மாதம் 2,600 என்று எண்ணிக்கொள்பவர், 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 2,817 வருவதைக் காண்பார். 'பாண்ட்' எனப்படும் முன்பணம் பொதுவாக நான்கு வார வாடகை. அதோடு இரண்டு வார வாடகையை முன்கூட்டிக் கட்டினால், சாவி கைக்கு வருமுன் 3,900 டாலர் போயிருக்கும். நகரங்களை ஒப்பிடும்போது வாடகையோடு பயணச் செலவையும் கூட்ட வேண்டும். சிட்னியின் மேற்கே வாடகை மலிவு என்று போனவர், சுங்கச் சாலைக் கட்டணத்தில் அந்த மிச்சத்தை இழப்பதுண்டு. பெர்த்திலும் அடிலெய்டிலும் சுங்கச் சாலைகளே இல்லை. குவீன்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்டிலிருந்து பொதுப் போக்குவரத்தில் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான், தூரம் எவ்வளவானாலும். பிரிஸ்பேனின் வெளிப்புறத்தில் ரயில் நிலையத்துக்கு அருகே வீடு பார்ப்பதற்கு அது ஒரு நல்ல காரணம்.

நகரம் முடிவானதும் வட்டாரத்தை, அங்குள்ளோர் சொல்லும்படி 'சபர்பை'த் தேடத் தொடங்கலாம். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்தத் தேடல் பள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரசுப் பள்ளிகளில் இடம் உங்கள் வீட்டு முகவரியைப் பொறுத்தது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 'கேட்ச்மென்ட்' என்றும் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் 'ஸோன்' என்றும் சொல்லப்படும் எல்லைக்குள் வசித்தால், அந்தப் பள்ளி உங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும்; எல்லைக்கு வெளியே இருந்தால் இடம் மிச்சமிருந்தால்தான். அந்த எல்லை சில இடங்களில் ஒரே தெருவின் நடுவே ஓடும். இரட்டைப்படை எண் கொண்ட வீடுகள் ஒரு பள்ளிக்கும் எதிர்வரிசை வேறொரு பள்ளிக்கும் உரியவையாக இருக்கலாம். வீட்டு விளம்பரத்தில் 'நல்ல பள்ளிக்கு அருகே' என்று இருப்பதை நம்பாமல், மாநிலக் கல்வித் துறையின் தேடல் பக்கத்தில் வீட்டின் முழு முகவரியையும் இட்டுப் பார்க்க வேண்டும்.

பள்ளிகளை ஒப்பிட 'மைஸ்கூல்' என்ற அரசு இணையதளம் உதவும். 3, 5, 7, 9ஆம் வகுப்புகளில் நடக்கும் 'நாப்ளான்' என்ற தேசியத் தேர்வின் முடிவுகளை அதில் காணலாம். ஆனால் அந்த எண்களை மட்டும் வைத்துப் பள்ளியை எடைபோடக் கூடாது; பெற்றோரின் கல்வியும் வருமானமும் உயர்ந்த இடத்தில் மதிப்பெண்ணும் உயர்ந்திருப்பது இயல்பு. அதற்கென்றே 1000-ஐச் சராசரியாகக் கொண்ட ஒரு சமூகப் பின்னணிக் குறியீடும் அதே பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தன் மாணவர்களின் பின்னணியைத் தாண்டிக் கற்பிக்கும் பள்ளி எது என்பது ஓரளவு புலப்படும். நம்மவர்கள் அதிகம் பேசும் 'செலக்டிவ்' பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் இடம் தேர்வால் கிடைப்பது, முகவரியால் அல்ல. நியூ சவுத் வேல்ஸில் 7ஆம் வகுப்பிலும் விக்டோரியாவின் நான்கு பள்ளிகளில் 9ஆம் வகுப்பிலும் சேர்க்கை நடக்கிறது. ஆகவே ஆறு வயதுப் பிள்ளைக்காக அந்தப் பள்ளியின் பக்கத்திலேயே அதிக வாடகைக்குக் குடியேறுவதில் பொருளில்லை.

பள்ளி தொடங்கும் வயது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதையும் முன்பே அறிந்திருக்க வேண்டும். கல்வியாண்டு ஜனவரிக் கடைசியில் தொடங்குகிறது. 2026 ஜூன் 15 அன்று ஐந்து வயது நிறையும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். நியூ சவுத் வேல்ஸில் ஜூலை 31க்குள் ஐந்து நிறைந்தால் போதும் என்பதால், அது 2026இலேயே பள்ளியில் சேரலாம். விக்டோரியாவில் ஏப்ரல் 30க்குள் நிறைந்திருக்க வேண்டும் என்பதால் 2027 வரை காத்திருக்க வேண்டும். அந்த ஓர் ஆண்டு, குழந்தைக் காப்பகச் செலவாக உங்கள் தலையில் விழும். இன்னொன்று: தற்காலிக வேலை விசாவில் வருவோரிடம் சில மாநிலங்களில் அரசுப் பள்ளியும் கட்டணம் வாங்கும். விசா எண்ணைச் சொல்லி அந்தந்த மாநிலக் கல்வித் துறையிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

பள்ளிக்கு அடுத்ததாக, பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று வெயிலும் குளிரும். சிட்னி என்றால் கடற்காற்று என்று நினைப்போம். கடற்கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் மேற்கேயுள்ள பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 பாகை வெப்பம் பதிவானது. கான்பெராவின் குளிர்கால இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். டார்வினில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புழுக்கமும்தான். மெல்பர்னில் வசந்த காலப் புல் மகரந்தம் மூச்சுத்திணறல் உள்ளவர்களைப் படுத்தும். 2016 நவம்பரில் இடிமழையோடு பரவிய மகரந்தத்தால் ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளை நாடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையோடு அங்கே போகிறவர்கள் முதல் வேலையாக மருத்துவரைப் பார்த்து, வசந்தம் வருமுன் மருந்தைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். பிரிஸ்பேனிலும் சிட்னிக்கு வடமேற்கேயுள்ள ஹாக்ஸ்பரி ஆற்றங்கரை ஊர்களிலும் வீடு பார்ப்பவர்கள் உள்ளாட்சி மன்றம் வெளியிடும் வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. 2011இலும் 2022இலும் பிரிஸ்பேன் ஆறு தெருக்களுக்குள் புகுந்தது.

வீட்டின் திசையும் இங்கே தலைகீழ். வாசல் கிழக்கு பார்த்ததா என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். தென் அரைக்கோளத்தில் கேட்க வேண்டியது, கூடத்தின் சன்னல்கள் வடக்கு பார்த்தவையா என்பதுதான். குளிர்காலச் சூரியன் வடக்கே தாழ்ந்து போவதால், வடக்குச் சன்னல் வழியே வெயில் அறைக்குள் வெகுதூரம் வந்து விழும். மெல்பர்னில் நாங்கள் முதலில் இருந்த வீட்டின் கூடம் தெற்கு பார்த்தது. கோடையில் பார்த்தபோது குளுமையாக இருக்கிறதென்று மகிழ்ந்து எடுத்தோம். ஜூலையில் காலை எழுந்தால் சன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் வழிந்துகொண்டிருக்கும். சட்டகத்தின் அடியில் கருப்பாகப் பூசணம் படரும். துடைத்த துணி மாலைவரை ஈரமாகவே கிடக்கும். மின்கட்டணம் வந்த அன்றுதான் திசையின் விலை புரிந்தது. மேற்குப் பார்த்த படுக்கையறையும் கோடை மாலையில் அடுப்பு போலாகும். வீடு பார்க்கப் போகும்போது கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வியப்பாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

நம்மவர்கள் வாழும் இடத்தில் இருப்பதா, தள்ளி இருப்பதா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சிட்னியில் வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், துங்காபி, ஹோம்புஷ் பக்கங்களில் தமிழ்க் குரல் கேட்காத நாளில்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயில் அருகிலேயே இருக்கிறது. மெல்பர்னில் டான்டினாங்கைச் சுற்றியும் கிளென் வேவர்லியிலும் தமிழர் அதிகம். கோயிலுக்கு காரம் டவுன்ஸ் அல்லது சன்ஷைன் போக வேண்டும். முதல் ஓராண்டுக்கு அருகில் இருப்பதையே நான் பரிந்துரைப்பேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு அக்கா இருப்பது சிறிய விஷயமல்ல. பிள்ளைக்குத் தமிழ் வேண்டுமென்றால் வார இறுதித் தமிழ்ப் பள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தமிழை 12ஆம் வகுப்புத் தேர்வுப் பாடமாகவே எழுத முடியும்.

இவற்றையெல்லாம் ஊரிலிருந்தபடி பார்த்து மூன்று வட்டாரங்களைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டை மட்டும் நேரில் பார்க்காமல் எடுக்க வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் ஏற்பாடு செய்துகொண்டு, அந்த மூன்று இடங்களுக்கும் ஒரு வேலைநாளில் காலை ஏழரை மணிக்குப் போய், வீட்டிலிருந்து பள்ளிக்கும் அங்கிருந்து ரயில் நிலையத்துக்கும் நடந்து பாருங்கள். ஞாயிறன்று பேருந்து எத்தனை மணிக்கு ஒருமுறை வருகிறது என்றும் பாருங்கள். உள்ளூர் ஓட்டுநர் உரிமம் கைக்கு வரும்வரை அதுவே உங்கள் கால். சனிக்கிழமைகளில் வீட்டைத் திறந்து காட்டும் 'இன்ஸ்பெக்‌ஷன்' பதினைந்து நிமிடம்தான் இருக்கும். இருபது குடும்பங்கள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நிற்கும். அன்று மாலையே விண்ணப்பம் போகும்படி கடவுச்சீட்டு, விசா உத்தரவு, வேலை நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, பழைய வீட்டு உரிமையாளரின் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாக வைத்திருக்க வேண்டும். உள்ளூர் வாடகை வரலாறு இல்லாத நமக்கு அந்த வேகம்தான் பலம்.

முதல் வீட்டில் எல்லாம் அமைந்துவிடாது என்பதால், முடிந்தால் ஆறு மாத ஒப்பந்தம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஓராண்டு. ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, பிள்ளை படிக்கும் பள்ளியின் எல்லைக்குள் அடுத்த வீட்டைத் தேடத் தொடங்கிவிட்டால், பெட்டிகள் மட்டும் இடம் மாறும். பிள்ளை அதே வகுப்புக்கு, அதே தோழர்களோடு போய்வரும்.