"காலித் துப்பாக்கிதானே!": கண்காட்சியில் நாம் செய்கிற தவறுகள்

சேலத்துக்காரர்களில் பலருக்குத் துப்பாக்கி முதன்முதலாகக் கைக்கு வந்தது பொருட்காட்சியில்தான். ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகை, போஸ் மைதானத்தில் ராட்டினம், டெல்லி அப்பளம், அதற்குப் பக்கத்திலேயே பலகையில் வரிசையாகக் கட்டிவைத்த பலூன்கள். மே மாதம் ஏற்காட்டுக்குப் போனால் அங்கேயும் ஏதாவது ஒரு மூலையில் இதே கடை. குறிபார்க்க மட்டும் கற்றுக்கொண்டு வருகிறோம். துப்பாக்கியை எப்படி வாங்குவது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த அரைகுறைப் பழக்கத்தோடுதான் பிறகு போலீஸ் ஆயுதக் கண்காட்சிக்கும் போகிறோம், மலையில் மாமா வீட்டுப் பரணில் கிடக்கிற துப்பாக்கியிலும் கை வைக்கிறோம்.

பலூன் கடை ஓரமாகப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பையன் சுடுகிறான், பலூன் வெடிக்கிறது, "அப்பா, பாத்தியா!" என்று திரும்புகிறான். அவனோடு துப்பாக்கியும் திரும்புகிறது. குழலின் வாய் பக்கத்தில் நிற்பவர் வயிறு, தங்கச்சி முகம், அப்பாவின் நெஞ்சு என்று ஒரு சுற்று வந்து நிற்கிறது. சுட்டு முடித்த துப்பாக்கி, அதனால் பிழைத்தோம். ஆனால் டிரிகர் இறுகிப்போய், "அண்ணா, சுட மாட்டேங்குது" என்று கடைக்காரர் பக்கம் திரும்புகிற பையன் கையில் இருப்பது காலி இல்லை. குண்டு உள்ளேதான் இருக்கிறது, ஸ்பிரிங்கும் ஏற்றின நிலையில்தான் இருக்கிறது.

எதுவானாலும் துப்பாக்கியைப் பலகையைப் பார்த்தபடி மேடையில் கிடத்திவிட்டு அப்புறம் திரும்பலாம். பெரியவர்கள் குழந்தைக்குப் பக்கவாட்டில் நின்று படம் எடுக்காமல் பின்னால் நிற்கலாம்.

"ஏர்கன்தானே, லைசென்ஸ்கூட வேண்டாம்" என்பார்கள். உண்மைதான். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும், குழல் வாயை விட்டுக் கிளம்பும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதைப் பார்த்து ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு அரை கிராம் எடைதான் இருக்கும். ஒரு கண் போக அது போதும். ஈயக்குண்டு பலகையில் பட்டால் பெரும்பாலும் நசுங்கி விழுந்துவிடும். அதற்குப் பதில் இரும்பு உருண்டை போடுகிற கடை என்றால் தெறித்துத் திரும்பி வரும். பலூனுக்குப் பின்னால் வெறும் துணி மட்டும் தொங்குகிறதா, அந்தத் துணிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடக்கிறார்களா என்று ஒரு நடை எட்டிப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்தக் கடையில் சுடாதீர்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

குழலை மடக்கிக் குண்டு போடுகிற ஏர்கன்னில் இன்னொரு தொல்லை உண்டு. மடக்கிய நிலையில் யாராவது டிரிகரைத் தொட்டுவிட்டால் குழல் விசையோடு நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். அப்புறம், ஈயத்தைத் தொட்ட கையோடு அப்படியே ஏரிக்கரையில் பஜ்ஜி சாப்பிடப் போவது. கையைக் கழுவிவிட்டுப் போங்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு.

இனி நிஜத் துப்பாக்கி. அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளை ஒட்டியோ, பள்ளி விழாக்களிலோ மேசைமேல் பச்சைத் துணி விரித்து .303, எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் என்று ரைஃபிள்களைப் பரப்பி வைப்பார்கள். மாணவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். எனக்குத் தெரிந்து இந்த மேசையில் அதிகம் கேட்கிற வார்த்தை "காலிதான், பயப்படாத". பயம் போய்விடுகிறது. கூடவே கவனமும் போய்விடுகிறது. உடனே ஒருவன் நண்பன் நெற்றியில் வைத்துப் படம் எடுப்பான், இன்னொருவன் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பான், எல்லார் விரலும் டிரிகரிலேயே இருக்கும். விரல் இருக்க வேண்டிய இடம் டிரிகர் வளையத்துக்கு வெளியே, பக்கவாட்டில், நீட்டினபடி.

கல்லூரி என்.சி.சி. முகாமில் நானும் இப்படி ஒரு முறை மாட்டியிருக்கிறேன். .22 ரைஃபிளைப் பக்கத்துப் பையனிடம் நீட்டி, "காலிதான்டா" என்றேன். பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் அதைக் கேட்டுவிட்டார். வாங்கியவனை விட்டுவிட்டு என்னை அழைத்து, போல்ட் என்கிற பின்பக்கத் தாழைத் திறக்கச் சொல்லி, தோட்டா உட்காருகிற சேம்பரைக் கண்ணால் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சுண்டு விரலால் அதன் வாயைத் தடவச் சொன்னார். தடவினேன். "இப்ப காலி. முன்னாடி நீ சொன்னது உன் நெனப்பு" என்றார். பிறகு ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை நாலு சுற்று. வாங்கியவனுக்கும் இரண்டு சுற்று, தானே திறந்து பார்க்காமல் கை நீட்டியதற்கு. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது என்னிடம் துப்பாக்கியை நீட்டினால், போல்ட் மூடியிருந்தால் கை தானாகவே பின்வாங்குகிறது.

தோட்டாக்களை அடுக்கிவைக்கிற மேகசினைக் கழற்றியாகிவிட்டது, அதனால் காலி என்று நினைப்பதும் இந்த வகைதான். மேகசின் வெளியே வந்தாலும் சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்க முடியும். இதில் வரிசை முக்கியம். முதலில் மேகசின், பிறகு போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கிற கைப்பிடியான காக்கிங் ஹேண்டிலை இழுத்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது, பிறகு கண்ணால் பார்ப்பது. மாற்றிச் செய்தால், அதாவது முதலில் இழுத்து விட்டுவிட்டு அப்புறம் மேகசினைக் கழற்றினால், மேகசினிலிருந்து ஒரு தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். கையில் மேகசினைப் பிடித்துக்கொண்டு "பாரு, காலி" என்று சொல்லுவோம். அனுபவசாலிகள் கையில் நடக்கிற விபத்துகளில் இது ஒரு பழைய கதை. டிரிகரைப் பூட்டுகிற சேஃப்டி போட்டிருக்கிறது என்பதும் சமாதானம் ஆகாது. அதுவும் ஒரு இரும்புத் துண்டுதான், தேய்ந்துபோகும்.

கண்காட்சியில் சின்னப் பிள்ளைகளை நிஜத் துப்பாக்கியால் சுட வைப்பது நம் ஊரில் இல்லை, நல்ல வேளை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்ஃபீல்டில் 2008 அக்டோபரில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சியில், 8 வயதுப் பையன் கையில் மைக்ரோ ஊஸி என்ற தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். சுடும்போது பின்னுதைப்பில் குழல் மேலே எகிறித் திரும்பி, குண்டு அவன் தலையிலேயே பாய்ந்தது. அவ்வளவு சின்னத் துப்பாக்கி, பிள்ளை கைக்கு அடக்கமாகத்தானே இருக்கும் என்று பெரியவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். துப்பாக்கி சிறுத்தால் உதைப்பை வாங்கிக்கொள்ள எடை இருக்காது, துள்ளல் அதிகமாகும்.

வெற்றுத் தோட்டா விஷயமும் அப்படித்தான். நாடகத்துக்கும் படப்பிடிப்புக்கும் வைக்கிற அதில் குண்டு கிடையாது, மருந்து உண்டு. 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்பில் விளையாட்டாக அது போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து டிரிகரை அழுத்தினார். அந்த வெடிப்பின் அழுத்தமே உயிரைக் கொண்டுபோனது.

மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையிலும் பக்கத்து மலைகளிலும் காட்டுப்பன்றிக்கும் காவலுக்கும் என்று அந்தக் காலத்தில் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகள் இன்னும் சில வீடுகளில் பரணில் கிடக்கின்றன. உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் துறை ஊர்களில் அவ்வப்போது கூட்டம் போடும். இந்தத் துப்பாக்கியில்தான் "காலி" என்ற சொல்லுக்குக் கொஞ்சமும் மதிப்பில்லை. திறந்து பார்க்கப் போல்ட் கிடையாது. வாய் வழியாகக் கரிமருந்து, துணி, பால்ரஸ் குண்டு என்று போட்டுக் கம்பியால் கெட்டித்திருப்பார்கள். ஈரம் படாத கரிமருந்து எத்தனை வருஷமானாலும் செத்துப்போகாது. தாத்தா கெட்டித்து வைத்தது பேரன் கையில் வெடிக்கும், துருப்பிடித்த குழல் என்றால் பின்பக்கமாகவே வெடிக்கும். திருவிழாவில் நாலு பேருக்குக் காட்டலாம் என்று அதை இறக்காதீர்கள். குலுக்கவோ குத்தவோ வேண்டாம், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது நம் பக்கத்து வழக்கம் இல்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன். 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி, பொதுக்கூட்டம், கல்யாணம், வழிபாட்டு இடம் போன்ற இடங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் இருந்தாலும் தப்பிக்க முடியாது.

போன வருஷம் ஏற்காட்டில் ஒரு பலூன் கடையில் துப்பாக்கியை மேடையோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். குழல் பலகையின் இரண்டு ஓரங்களைத் தாண்டாத அளவுக்குத்தான் கயிறு விட்டிருந்தது. திருடு போகாமல் இருக்கவா என்று கேட்டேன். "இல்லண்ணா, திரும்பாம இருக்க" என்றார் கடைக்காரர். பத்துக் குண்டு வாங்கினேன். நாலாவது பலூன் வெடித்ததும், என் மகள் பார்த்தாளா என்று திரும்பினேன். கயிறு வெடுக்கென்று இழுத்தது.