அழித்துக்கொண்டே இருந்தால் தீராது

ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு எம்ஆர்டியில் அரைமணி நேரத்துக்கும் மேலாகும். பல வருடங்களாக அந்த நேரத்தில் எனக்கு ஒரே வேலை, கட்டைவிரலால் மின்னஞ்சல்களை அழிப்பது. பீஷான் வருவதற்குள் இன்பாக்ஸ் பளிச்சென்று ஆகிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் அதே கடைகள், அதே தள்ளுபடி. போன தீபாவளிச் சமயத்தில் ஜிமெயிலின் இலவச 15 ஜிபி நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தபிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது, இதை அனுப்பியது யார் என்பதைத்தான். நீங்கள் எப்போதோ பொருள் வாங்கிய கடை என்றால் இனி அனுப்பவேண்டாம் என்று விலகும் 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பைத் தாராளமாக அழுத்தலாம். ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டியதில்லை. ஜிமெயிலின் இடப்பக்கப் பட்டியலில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்று இருக்கும். அடிக்கடி அனுப்புகிறவர்கள் மேலே வரிசையாக நிற்பார்கள். எனக்கு முதலிடத்தில் நின்றது, 2016ல் மகளுக்கு ஒரே ஒரு தடவை காலணி வாங்கிய கடை!

நம் சிங்கப்பூரில் ஸ்பேம், அதாவது வேண்டாத மொத்த அஞ்சல், கட்டுப்பாட்டுச் சட்டம் 2007லிருந்தே இருக்கிறது. கேட்காமல் மொத்தமாக அனுப்பும் விளம்பர அஞ்சலில் விலகும் வழி இருக்கவேண்டும், விலகச் சொன்ன 10 வேலை நாள்களுக்குப் பிறகு அனுப்பக்கூடாது. அதனால் அன்சப்ஸ்கிரைப் செய்த மறுநாளே இன்னொன்று வந்தால் பொங்கவேண்டாம், இரண்டு வாரம் பாருங்கள். அப்புறமும் வந்தால் 'ரிப்போர்ட் ஸ்பேம்'.

முன்பின் தெரியாதவர் அனுப்பியது என்றால் கதை வேறு. அங்கே உள்ளே இருக்கும் அன்சப்ஸ்கிரைப் இணைப்பைத் தொடவே கூடாது. தொட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொன்னதாகிவிடும். திறக்காமலே ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். 30 நாளில் தானாகப் போய்விடும். என் மனைவிக்கு வந்த ஒன்றில், பார்சல் நிற்கிறது, 2 வெள்ளி 99 காசு கட்டுங்கள் என்று இருந்தது. அவள் அப்போது உண்மையாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தாள். அனுப்பியவர் பெயரை விரலால் தட்டியதும் முழு முகவரி விரிந்தது: ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு குப்பை. சந்தேகம் என்றால் மோசடி பற்றிய உதவி எண் 1799ஐ அழைத்துக் கேட்கலாம். வங்கி அனுப்பியதுபோல் வந்து, உள்ளே சொடுக்கச் சொல்லி இணைப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 2022லிருந்து இங்குள்ள வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அப்படி அனுப்புவதை நிறுத்திவிட்டன.

அஞ்சலைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் ஃபில்டர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 'ஆஃபர்' என்ற சொல் இருந்தால் நேராகக் குப்பைக்குப் போகட்டும் என்று ஒரு நாள் கெட்டிக்காரத்தனமாகப் போட்டுவைத்தேன். வீட்டுச் சமையலறைத் தரைக்கு ஓடு பதிக்க விலை கேட்டிருந்த ஒப்பந்தக்காரர், 'வீ ஆர் ப்ளீஸ்ட் டு ஆஃபர்' என்று மரியாதையாக ஆரம்பித்திருந்தார். மூன்று வாரம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவரோ எனக்கு விருப்பமில்லை என்று நினைத்து வேறு வேலைக்குப் போய்விட்டார். குப்பையிலும் 30 நாள்தான் இருக்கும், நல்லவேளை கிடைத்தது.

அதனால் ஃபில்டரைச் சொல்லை வைத்துப் போடாதீர்கள், அனுப்புகிறவர் முகவரியை வைத்துப் போடுங்கள். அழிக்கவும் சொல்லாதீர்கள், இன்பாக்ஸுக்கு வராமல் ஒதுக்கும் 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' தேர்ந்தெடுத்து, ஒரு லேபிள் (அடையாளப் பெயர்) கொடுத்தால் போதும். ஜிமெயிலில் இதைக் கைப்பேசிச் செயலியில் செய்யமுடியாது, கணினி வேண்டும்.

இனிமேல் புதிய கடையில் முகவரி கேட்டால், உங்கள் பெயருக்கும் @ குறிக்கும் நடுவே +கடை என்பதுபோல் ஆங்கிலத்தில் ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். ஜிமெயிலில் அஞ்சல் உங்களுக்கே வரும், முகவரியை யார் வெளியே விட்டது என்பதும் தெரிந்துவிடும். சில இணையப் படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது, அதற்கு ஒன்றும் செய்யமுடியாது.

விலகவே முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. உட்லண்ட்ஸில் இருக்கும் என் மாமா தினமும் காலை வணக்கம் அனுப்புவார், ஐந்தாறு எம்பியில் ரோஜாப்பூவோடு. அவரை ஸ்பேமில் போட முடியுமா? 'மாமா' என்று லேபிள் போட்டு ஒதுக்கிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்திக்கும்போது "பார்த்தியாடா?" என்று கேட்பார். லிட்டில் இந்தியா நிலையத்தில் மின்படியேறும்போது அந்த வாரத்து ஏழு அஞ்சலையும் திறந்து பார்த்துவிடுவேன்.