கியோன் தெருவில் நடக்கும் முறை: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் சூடாக இருக்கும்போது கேமராவோடு சிலர் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூடையோடு ஓர் அம்மா வேகமாக வருவார். வழியை மறித்து நின்று ஒருவர் ஃபோகஸ் சரிசெய்துகொண்டிருப்பார். அந்த அம்மா என்ன சொல்லித் திட்டுவார் என்று ராயபுரத்துக்காரர்களுக்கு எழுதிக்காட்ட வேண்டியதில்லை. ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கியோன் பகுதியிலும் சாயங்காலமானால், கெய்ஷாக்களைப் படம் எடுக்க வருகிறவர்களால் இதே கூத்துதான். ஒரே வித்தியாசம், அங்கே பெரும்பாலும் யாரும் திட்டமாட்டார்கள். திட்டாததால் தப்பில்லை என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

கெய்ஷா என்றாலே தப்பாகப் பேசுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கிளம்பும் முன்பே அதை விட்டுவிடுங்கள். நடனம், பாட்டு, ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம், தேநீர்ச் சடங்கு எல்லாம் வருடக்கணக்கில் கற்று, விருந்துகளில் நிகழ்த்துகிற கலைஞர்கள் அவர்கள். கியோட்டோவில் கெய்க்கோ என்பார்கள். பயிற்சியில் இருக்கும் இளம்பெண் மைக்கோ. இவர்களுக்கென்று அந்த நகரத்தில் ஐந்து பேட்டைகள் உண்டு: கியோன் கோபு, கியோன் ஹிகாஷி, பொன்தோச்சோ, மியாகவாச்சோ, காமிஷிச்சிகென். எல்லோரும் போவது கியோன் கோபுவுக்கு, அதிலும் ஹனாமிகோஜி என்ற ஒரே தெருவுக்கு.

கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து நேர் பஸ் உண்டு, ஆனால் நெரிசலில் நசுங்கித்தான் போகவேண்டும். ஜேஆர் நாரா லைனில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான தோஃபுகுஜியில் கெய்ஹான் ரயிலுக்கு மாறி, கியோன்-ஷிஜோவில் இறங்குவது நல்லது. அங்கிருந்து கிழக்கே ஐந்து நிமிட நடை. பெரிய பெட்டிகளை ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிடுங்கள். கெய்க்கோக்கள் இரவு வெகுநேரம் வேலை செய்துவிட்டுத் தூங்குகிறவர்கள். காலையில் கல் பாவிய தெருவில் உருளும் பெட்டிச் சக்கரத்தின் சத்தம் வீட்டுக்குள் அப்படியே கேட்கும். கழிவறை வேலையையும் ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஷிஜோ தெருவும் ஹனாமிகோஜியும் சேரும் முனையில் செங்காவிச் சுவரோடு நிற்பது இச்சிரிகி. அது ஓர் ஓச்சாயா, அதாவது விருந்து நடக்கும் வீடு. பழைய வாடிக்கையாளர் யாராவது அறிமுகப்படுத்தினால் ஒழிய புதியவரைச் சேர்ப்பதில்லை. எவ்வளவு காசு நீட்டினாலும் இதே பதில்தான். வாசலில் தொங்கும் துணித்திரையை விலக்கி எட்டிப் பார்க்காதீர்கள். சுவரடியில் வளைந்து நிற்கும் மூங்கில் தட்டியில் சாயவோ உட்காரவோ கூடாது. பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் மெல்லிய மூங்கில் பட்டை. ஆள் பாரத்துக்கு முறிந்துவிடும்.

சிக்கல் அதிகம் வருவது சந்துகளில்தான். ஹனாமிகோஜி பொதுத் தெரு, நடக்கலாம். அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் குறுகலான சந்துகள் பல, அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொந்தமான தனியார் வழிகள். 2019-லேயே அவற்றில் படம் எடுக்கத் தடை போட்டு, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். அப்படியும் கூட்டம் கேட்கவில்லை. 2024-இல் சில சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே கூடாது என்றாக்கிவிட்டார்கள். கேட் எதுவும் இருக்காது, வாயிலில் ஒரு பலகை மட்டும் இருக்கும். கூகுள் மேப் குறுக்குவழி என்று காட்டினாலும் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். 'உள்ளே யாரோ போகிறாரே' என்று பின்னாலேயே போகாதீர்கள். அவர் வீட்டுக்குப் போகிறவராக இருக்கலாம்.

சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு கெய்க்கோக்களும் மைக்கோக்களும் முதல் விருந்துக்குக் கிளம்புவார்கள். மைக்கோவின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலில் சுமார் 10 சென்டிமீட்டர் உயர மரச்செருப்பு. இடுப்பில் சுற்றி, முதுகில் கணுக்கால் வரை தொங்கும் ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட ஓபி என்ற பட்டு இடைக்கச்சை. கிமோனோவின் நீண்ட விளிம்பு இடது கையில். இந்தக் கோலத்தில் சட்டென்று நிற்கவோ விலகவோ முடியாது. நேரமும் காசு: பழைய காலத்தில் ஊதுபத்தி எரிந்து தீரும் கணக்கில் கட்டணம் போட்டவர்கள் இவர்கள். நீங்கள் மறிக்கும் இரண்டு நிமிடம் அங்கே காத்திருக்கும் விருந்தாளியின் கணக்கில் போகும். கிமோனோவைப் பிடித்து இழுத்துக் கிழித்தவர்களும் உண்டு.

ஆகவே, எதிரே ஒருவர் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நில்லுங்கள். செல்போனை இறக்குங்கள். தலையை லேசாகக் குனிந்தால் போதும், பெயர் சொல்லிக் கூப்பிடுவதோ 'ஒரே ஒரு செல்ஃபி' என்று கெஞ்சுவதோ வேண்டாம். கூடவே நடப்பது, டாக்ஸி கதவுக்கு முன் காத்து நிற்பது, ஃபிளாஷ் அடிப்பது மூன்றும் கூடாது. பட்டப்பகலில் நிதானமாக நின்று போஸ் கொடுக்கிற, முகத்தில் வெள்ளை பூசிய மைக்கோ பெரும்பாலும் வாடகைக்கு வேஷம் போட்ட சுற்றுலாப் பயணிதான். அவரையும் கேட்டுவிட்டே எடுங்கள்.

தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கமிருந்து போகிற குழுக்கள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேர். அதை மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுங்கள். தெருவை அடைத்து நடந்தால் பின்னால் டாக்ஸி வந்து நிற்கும், ஹார்ன்கூட அடிக்கமாட்டார்கள். கையோடு கொண்டுபோன முறுக்கை நடந்துகொண்டே கடிக்க வேண்டாம். குப்பைத்தொட்டி கண்ணில் படாது, பையில் ஒரு கவர் வைத்திருங்கள். வீடியோ கால் இன்னொரு தொல்லை. கியோட்டோவில் மாலை 6 என்றால் இங்கே 2.30, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும் நேரம். ஸ்பீக்கரில் போட்டு 'இங்க பாரு, இங்க பாரு' என்று தெருவைச் சுற்றிக் காட்டினால் மர வீடுகளுக்குள் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். ஷிஜோ பாலத்தைத் தாண்டி காமோ ஆற்றங்கரைக்குப் போய்ப் பேசுங்கள், அங்கே இடமும் உண்டு, காற்றும் உண்டு. புகை பிடிக்கிறவர்கள் கவனிக்க: தடைப் பகுதித் தெருக்களில் பிடித்தால் அபராதம் 1,000 யென்.

இவர்களை ஆற அமர, நேருக்கு நேர் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் வாங்குங்கள். இதைச் செய்யாமல் தெருவில் காத்துக் கிடப்பது வெட்டி வேலை. ஏப்ரல் முழுவதும் கியோன் கோபுவில் மியாகோ ஓதோரி நடக்கும். 1872-இல் தொடங்கிய நடன நிகழ்ச்சி, சுமார் ஒரு மணி நேரம், நடக்கும்போது படம் எடுக்க அனுமதி இல்லை. ஏப்ரலில் மியாகவாச்சோவிலும், மேயில் பொன்தோச்சோவிலும், நவம்பர் தொடக்கத்தில் கியோன் ஹிகாஷியிலும் தனித்தனி நிகழ்ச்சிகள் உண்டு. வேறு மாதத்தில் போனால் ஹனாமிகோஜியிலேயே இருக்கும் கியோன் கார்னர்: மைக்கோ நடனம் முதல் தேநீர், மலர் அலங்காரம், கோட்டோ என்ற தந்தி வாத்திய இசை வரை கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவார்கள். காட்சி நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், முன்னாலேயே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 25 அன்று கியோட்டோவில் இருந்தால் கிதானோ தென்மாங்கு கோயிலுக்குப் போங்கள். பிளம் பூத்த வளாகத்தில் காமிஷிச்சிகென் கெய்க்கோக்களும் மைக்கோக்களும் திறந்தவெளியில் தேநீர் பரிமாறுவார்கள். அதற்குத் தனி டிக்கெட்; காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள்.