பள்ளியில் துப்பாக்கி வெடித்தால் பொறுப்பு யாருடையது? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட். சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சம் மீதி ரப்பர். காட்டுப்பன்றி இளங்கன்றைத் தோண்டிப் போட்டுவிடும் என்பதால், தோட்டப்பக்கம் லைசென்ஸ் எடுத்த வேட்டைத் துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் உண்டு. அதனால் "பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியா, அதெல்லாம் அமெரிக்காவில்தான்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளியில், மூன்றாம் ஆண்டுப் பையன் தாத்தாவின் தோட்டா ஒன்றைப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். சிவப்புப் பிளாஸ்டிக் உறை, அடியில் பித்தளை வளையம். பெஞ்சுக்கு அடியில் உருண்டு போனபோதுதான் டீச்சர் கண்ணில் பட்டது. அவர் பையனை அதட்டிவிட்டு விஷயத்தை மறந்துவிடவில்லை. தேதி, நேரம், யார் கையில் இருந்தது, யார் பார்த்தார்கள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, தாத்தாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி, தலைமையாசிரியரிடம் கொடுத்தார். இதற்கெல்லாம் ஒரு பக்கம்தான் ஆகியிருக்கும். பள்ளியில் ஏதாவது விபரீதம் நடந்தால் நீதிமன்றம் தேடுவது அந்த மாதிரிப் பக்கத்தைத்தான். யாருக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்தபின் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

இதைப் புரிந்துகொள்ளாததால் வரும் முதல் தவறு, "சுட்டவன்தான் குற்றவாளி, மற்றவர்களுக்கு என்ன" என்று விட்டுவிடுவது. 2021 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப்பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். துப்பாக்கியை அப்பா வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலையில் கணக்குத் தாளில் அவன் வரைந்திருந்த படத்தைப் பார்த்து, பள்ளி பெற்றோரை வரவழைத்தது. அவர்கள் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. அவனுடைய பையை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. 2024-ல் அம்மா, அப்பா இருவருக்கும் தனித்தனியாக 10 முதல் 15 ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் பள்ளி நிர்வாகத்தின் மீது குடும்பங்கள் போட்ட வழக்குகளை, அரசு அமைப்புக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைக் காட்டி மிச்சிகன் மாநில நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. வர்ஜீனியாவில் கதை வேறு. 2023 ஜனவரியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் ஆசிரியையைச் சுட்டான். அவனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று சொல்லப்பட்டும் பள்ளியின் துணை முதல்வர் நடவடிக்கை எடுக்கவில்லை என்பதற்காக, 2025 நவம்பரில் ஒரு ஜூரி ஆசிரியைக்கு ஒரு கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது.

சரி, நம் நாட்டில்? இங்கே அரசாங்க நடவடிக்கைச் சட்டம் 1956 இருப்பதால், அரசு ஊழியரின் கவனக்குறைவுக்காக அரசின் மீதே வழக்குப் போடலாம். ஆனால் பிள்ளைக்கு அடிபட்டுவிட்டது என்பதால் மட்டும் பள்ளி பொறுப்பாகிவிடாது. நம் பெடரல் நீதிமன்றத்தின் இரண்டு பழைய தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1977-ல் வந்ததில், வகுப்பில் ஒரு மாணவன் இன்னொருவனை ஊசியால் குத்த, அவன் சட்டென்று திரும்ப, பென்சில் முனை பட்டுக் கண் போனது. டீச்சர் எதிர்பார்த்திருக்கக்கூடிய விஷயமில்லை என்பதால் பள்ளி தப்பியது. 1981-ல் வந்ததில், தோட்ட வேலை வகுப்பில் ஒருவன் தூக்கிய மண்வெட்டி இன்னொருவன் தலையில் பட்டது. பிள்ளைகள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தவர்கள் இடைவெளி விட்டு நிற்கவைத்து, கூடவே நின்று பார்த்திருக்க வேண்டும் என்று பள்ளியைப் பொறுப்பாக்கினார்கள். துப்பாக்கி விஷயத்திலும் நீதிமன்றம் இதே கோட்டில்தான் யோசிக்கும் என்று நினைக்கிறேன். தோட்டாவைக் கண்டும் பேசாமல் இருந்திருந்தால், அந்த டீச்சர் மண்வெட்டி வழக்கின் பக்கம் போய் நின்றிருப்பார்.

அடுத்த தவறுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. "போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சு, கேஸ் நடக்குது" என்று காத்திருப்பது. குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. குற்ற வழக்கு இழுத்துக்கொண்டே போகும். இழப்பீட்டு வழக்கின் கடிகாரம் அதற்காக நிற்காது. அரசு ஊழியர் கடமையில் செய்த தவறுக்கு வழக்குப் போட, பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948-ன்படி 36 மாதங்கள்தான். உயிரிழப்புக்கும் 3 ஆண்டுதான். காயத்துக்குத் தனியார் மீது போடுவதென்றால் 6 ஆண்டு. பிள்ளைக்கு 18 வயதாகட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். இப்போதே பெரியவர் ஒருவர் பிள்ளையின் சார்பில் வழக்குப் போடலாம்.

யார் மீது போடுவது என்பதிலும் சறுக்குகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துபவர் அரசு ஊழியர். ஆனால் நிலம் தோட்டக் கம்பெனியுடையதாக இருக்கலாம், கட்டடம் பள்ளி வாரியத்தின் பொறுப்பில் இருக்கலாம். துப்பாக்கியைப் பூட்டி வைக்காதவர் இன்னொருவர். பிள்ளை செய்த தவறுக்குப் பெற்றோர் தானாகவே இழப்பீடு கட்டவேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை; அவர்களுடைய சொந்தக் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். ஆயுதச் சட்டம் 1960-ன் கீழ் லைசென்ஸ் யார் பெயரில் என்பதை லாயரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

அமெரிக்கத் தொகையை மனதில் வைத்துக்கொண்டும் போகாதீர்கள். சாண்டி ஹூக் பள்ளியில் 2012-ல் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்காக, ஒன்பது குடும்பங்களுக்கு ரெமிங்டன் துப்பாக்கி நிறுவனத்தின் தரப்பு 7.3 கோடி டாலர் கொடுக்க 2022-ல் ஒப்புக்கொண்டது. இங்கே 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்துக்குச் சட்டம் வைத்திருப்பது 30,000 வெள்ளி (ரிங்கிட்). 2019 வரை அது வெறும் 10,000. ஈமச்செலவைத் தனியாகக் கேட்கலாம். இந்தத் தொகை போதாது என்பது என் எண்ணம், ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

அப்புறம் கையெழுத்து. ஆஸ்பத்திரி வாசலிலேயே யாராவது ஒரு தொகையை நீட்டி, "இனி வழக்கில்லை" என்று தாளைக் காட்டலாம். வேண்டாம். பிள்ளையின் இழப்பீட்டுச் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் பரப்புவதும் அப்படித்தான் ஆபத்து. சிறுவர் சட்டம் 2001, வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் அடையாளம் வெளியாவதைத் தடுக்கிறது. மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

லாயருக்குக் காசில்லை என்றால் பக்கத்திலுள்ள சட்ட உதவித் துறையிலோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ கேளுங்கள். போகும்போது ரிப்போர்ட்டின் நகல், ஆஸ்பத்திரியின் மருத்துவ அறிக்கை, பள்ளிக்கு முன்பு அனுப்பிய செய்திகள் எல்லாம் கையில் இருக்கட்டும். பள்ளியிடம் வாய் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். கடிதமாக எழுதி, இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் ஆபீஸ் சாப்பும் (முத்திரையும்) தேதியும் குத்தி வாங்குங்கள். குத்த மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பிரதியோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்து வையுங்கள்.