ஊர்ல இருக்க ஹார்ட் ஃபெயிலியர் அம்மாவ தூரத்துல இருந்து கவனிச்சுக்குறது எப்படி

மொதல்ல ஒரு டிஜிட்டல் வெயிட் மெஷின் வாங்குங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஹார்ட் ஃபெயிலியர்னா இதயம் ரத்தத்த சரியா பம்ப் பண்ணாது, அதனால கால் வீங்குறதுக்கு, மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே உடம்புல தண்ணி சேர ஆரம்பிச்சிடும், அது பல நேரம் வெயிட்ல மொதல்ல தெரியும். காலைல எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வந்து, காபி குடிக்கிறதுக்கு முன்னாடி, லேசான துணியோட, சமமான தரைல வச்சு (பாய் மேல வச்சா தப்பா காட்டும்) ஏறணும், தள்ளாடுறவங்கன்னா பக்கத்துல ஒருத்தர் கண்டிப்பா நிக்கணும். அந்த நம்பர போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லுங்க. 3 நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறுச்சுன்னா அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணிடுங்க, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க.

பிபிய உக்காந்து ஒருதடவ, எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷம் கழிச்சு ஒருதடவ பாக்கணும். நிக்கும்போது மேல் நம்பர் 20 இல்ல அதுக்கு மேல குறைஞ்சா தலை சுத்தி விழ வாய்ப்பிருக்கு, அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஆனா வெயிட்ட மட்டும் நம்பாதீங்க. வயசானவங்க சரியா சாப்பிடாம சதை கரைஞ்சிட்டே இருக்கும், உள்ள தண்ணி ஏறிட்டே இருக்கும், மெஷின்ல அதே நம்பர்தான் காட்டும். அதனால சாயங்காலம் வீடியோ கால்ல கணுக்கால அமுக்கிக் காட்டச் சொல்லுங்க, குழி விழுந்து அப்படியே நிக்குதான்னு பாருங்க, ராத்திரி எத்தன தலகாணி வச்சு படுத்தீங்கன்னு கேளுங்க (முன்னாடிய விட அதிகமாச்சுன்னா, படுத்தா மூச்சு வாங்குதோன்னு சந்தேகப்படணும்). மூட்டு வலிக்கு கடைல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாங்களான்னும் கேளுங்க, அது தண்ணிய உடம்புலயே நிறுத்திடும்.

படுக்கவே முடியாம மூச்சு முட்டுனா போட்டோ, மெசேஜ் எதுவும் வேணாம், நேரா 108.