தோப்பில் மட்டும் அணைந்த ஜிஎஸ்எம் மாட்யூல்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்பு மோட்டாரை அலைபேசியால் இயக்குவதற்காக வைத்த சிம்800எல் என்ற ஜிஎஸ்எம் மாட்யூல் (சிம் போட்டு அலைபேசி நெட்வொர்க்கில் இணைக்கும் சிறு மின்பலகை), வீட்டில் ஒழுங்காக வேலை செய்தது. தோப்பிலோ நெட்வொர்க்கைப் பிடிக்கும் நேரத்தில் அணைந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. சிம், ஆன்டெனா, அடாப்டர் ஆகியவற்றை மாற்றியும் பலனில்லை; மல்டிமீட்டர் 4 வோல்ட்டையே அசையாமல் காட்டி நாட்களை வீணாக்கியது.

சிக்னல் மெலிந்த இடத்தில் மாட்யூல் முழு வலுவுடன் அலைகளை அனுப்புவதால், 4.6 மில்லிநொடிக்கு ஒருமுறை, 0.577 மில்லிநொடி நேரம் மட்டும், 2 ஆம்பியர் வரை இழுக்கிறது. சராசரியைக் காட்டும் மீட்டரில் இது தெரியாது. மின்னழுத்தத்தின் நொடிப்பொழுது மாற்றங்களையும் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோதுதான், அது மாட்யூலுக்குக் குறைந்தபட்சம் தேவையான 3.4 வோல்ட்டுக்குக் கீழே சரிவது தெரிந்தது. மெல்லிய ஜம்பர் ஒயருக்கும் அதில் பங்குண்டு.

மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் 3 ஆம்பியர் பக் கன்வர்ட்டரும் தடித்த குட்டை ஒயரும் போட்டு, 1000 மைக்ரோஃபாரட் லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கெப்பாசிட்டரை மாட்யூலின் கால்களிலேயே பற்றவைத்ததும் கோளாறு நின்றது, பெரும் நிம்மதி. அதே கெப்பாசிட்டர் ஒயரின் மறுமுனையில் இருந்தபோது பயன் தரவில்லை.